துக்க நகைகளைத் தேடி: லண்டனிலிருந்து விட்பி வரை

செவ்வாய், லண்டன்

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நகைக்கூடம் இருட்டாக இருக்கிறது. சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாது, கண்ணாடிப் பெட்டிகள் மட்டும் ஒளிரும். நடுவில் ஏறிப்போகக் கண்ணாடியாலேயே ஒரு சுழல் படிக்கட்டு. வைரமும் மரகதமும் இருக்கும் பக்கம் கூட்டம் நெரிகிறது. நானும் அக்காவும் (பெரியம்மா மகள், லண்டனில் வேலை) தேடி வந்தது வேறு. செத்தவர்களுக்காகச் செய்த நகைகள்.

அவற்றில் மிகப் பழையதாக நான் குறித்து வைத்திருந்தது டோர் அபி பதக்கம். டெவன் மாவட்டத்தில் ஒரு பழைய மடத்தின் வளாகத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். காலம் 1540-50. பொன்னில் செய்த குட்டிச் சவப்பெட்டி, மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை எனாமல் பூசிய எலும்புக்கூடு. கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலால் நாம் எல்லோரும் புனிதமாகிறோம் என்று சுற்றிலும் எழுதியிருக்கிறது. இதில் யார் பெயரும் கிடையாது. இன்னார் இறந்தார் என்று சொல்ல வந்த நகை இல்லை இது. போட்டுக்கொள்கிறவரைப் பார்த்து, நீயும் ஒருநாள் இப்படித்தான் என்று சொல்கிறது. அந்தக் காலத்து மண்டையோட்டு மோதிரங்களுக்கும் இதே வேலைதான்.

1649 ஜனவரி 30ஆம் தேதி முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டினார்கள். அவருடைய ஆதரவாளர்கள் அவர் உருவத்தையும், கிடைத்தால் அவர் முடியையும் வைத்து மோதிரங்களும் சிறு பதக்கங்களும் செய்து ரகசியமாகப் போட்டுக்கொண்டார்கள். எலும்புக்கூடு பொதுவானது, இந்த முகம் ஒருவருடையது. பொதுவான சாவு போய், குறிப்பிட்ட ஒருவரின் சாவு விரலில் ஏறுவது அந்த 17ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகிறது.

மோதிரம் கொடுக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஷேக்ஸ்பியர் 1616இல் எழுதிய உயிலில், தன்னோடு நடித்த மூவருக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஒதுக்கினார். நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பெப்பிஸ் 1703இல் இறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்களைக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் 20, 15, 10 ஷில்லிங் என்று மூன்று தரமாக. கல்யாண வீட்டில் வேண்டியவர்களுக்கு ஒரு தாம்பூலப் பை, மற்றவர்களுக்கு ஒரு பை என்று பிரித்து வைப்போமே, அதே கணக்கு. தனக்குக் கிடைத்தது எந்தத் தரம் என்று வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்களா என்ன?

18ஆம் நூற்றாண்டில் மோதிரத்துக்கு இலக்கணமே வந்துவிட்டது. கறுப்பு எனாமல் என்றால் இறந்தவர் மணமானவர். வெள்ளை என்றால் மணமாகாதவர் அல்லது குழந்தை. வட்டத்தைச் சுற்றிப் பெயர், தேதி, வயது. 1780 வாக்கில் எலும்புக்கூடு காணாமல் போகிறது. அதன் இடத்தில் தாழி, உடைந்த தூண், தொங்கும் கிளைகளோடு வில்லோ மரம், அதன் அடியில் தலைசாய்த்து அழும் பெண். தந்தத் தகட்டில் பழுப்பு வண்ணத்தில் தீட்டிய ஓவியம், சுற்றிலும் கண்ணீருக்கு முத்து. அந்தப் பழுப்பு வண்ணத்தில் சில சமயம் இறந்தவரின் முடியையே பொடியாக்கிக் கலந்திருப்பார்கள்.

அக்கா பெட்டியிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "ஏட்டி, சோத்துல முடி கெடந்தா எல எடுத்துட்டு எந்திரிச்சுருவோம். இவங்க அத நெஞ்சுல குத்தி வச்சிருக்காங்க!"

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடம்பைவிட்டுப் பிரிந்த முடி நமக்குத் தீட்டு. இங்கேயோ அழுகாமல் மிஞ்சும் பகுதி அது என்பதால் அதைவிட நெருக்கமான நினைவுப் பொருள் இல்லை. எனக்கு இந்த முடி நகைகளின் வேலைப்பாட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. செய்முறை இதுதான்: சோடா கரைத்த நீரில் முடியைக் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். நீளவாரியாகப் பிரித்து, எண்ணிச் சிறு கற்றைகளாக்கி, ஒவ்வொரு கற்றையின் நுனியிலும் ஈயக் குண்டு கட்டித் தொங்கவிடுவார்கள். நடுவில் துளையுள்ள வட்ட மேசை, துளையில் ஓர் அச்சுக் கம்பி. கற்றைகளை இடம் மாற்றி மாற்றிப் போடப் போட, கம்பியைச் சுற்றிப் பின்னல் கீழே இறங்கிக்கொண்டே போகும். கம்பியோடு சேர்த்துக் கொதிக்கவைத்து உலர்த்திக் கம்பியை உருவினால், உள்ளே வெறுமையான சரிகை போன்ற கயிறு கிடைக்கும். கடிகாரச் சங்கிலி, வளையல், தோடு எல்லாம் இதில் செய்தார்கள். ஸ்வீடனில் டாலர்னா வட்டாரத்து வோம்ஹூஸ் கிராமப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழிலோடு நாடு நாடாகப் போய்ப் பிழைத்தார்கள்.

ஒரு பயம் மட்டும் எல்லோருக்கும் இருந்திருக்கிறது. கொடுத்த முடியையே பின்னித் தருகிறாரா, கைவசம் இருந்த யாருடையதையோ பின்னித் தருகிறாரா? அதனால்தான் பல வீடுகளில் பெண்கள் தாங்களே உட்கார்ந்து பின்னிவிட்டு, பொன் பூண் போட மட்டும் நகைக்கடைக்குக் கொடுத்தார்கள்.

முடி நகை என்றாலே துக்க நகை என்று நினைத்துவிடக் கூடாது. காதலர்களும் தோழிகளும் உயிரோடு இருக்கும்போதே முடி மாற்றிக்கொண்டார்கள். கறுப்பு எனாமலோ இறந்த தேதியோ இருந்தால்தான் துக்கம் என்று உறுதி.

புதன், கிரீனிச்

மழை. தேம்ஸ் படகில் வந்து இறங்கி, தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் ஓடினோம்.

டிரஃபால்கர் போரில் 1805 அக்டோபர் 21ஆம் தேதி இறந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் உலகம் இது. குண்டு துளைத்த ஓட்டையோடு அவருடைய சீருடை மேலங்கி இங்கே இருக்கிறது. அவருடைய சவ ஊர்வலத்துக்காக ஜான் சால்டர் என்ற லண்டன் நகைக்காரர் 58 மோதிரங்கள் செய்தார். கறுப்பு எனாமல் முகப்பில் என், பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் (நெல்சன், அவருடைய பிரான்டே பிரபுப் பட்டம்), மேலே கிரீடங்கள், கீழே டிரஃபால்கர். அச்சில் வார்த்ததுபோல் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். அரசியல்வாதி இறந்தால் கட்சி அடிக்கும் சுவரொட்டியின் பணி இந்த மோதிரத்துக்கு.

இதே சேகரிப்பில் அவருடைய குடுமியும் இருக்கிறது. தன் முடியைக் காதலி எம்மா ஹாமில்டனிடம் சேர்த்துவிடும்படி சாகும் தறுவாயில் கேட்டார் என்பது பதிவான செய்தி. மோதிரம் நாட்டுக்கு, முடி அவளுக்கு. மோதிரம் வாங்கியவர்கள் பட்டியலில் இருந்தவர்கள். முடியோ, அரசு ஏற்காத ஒரு பெண்ணுக்கு.

மழை விடவில்லை. அருங்காட்சியகத் தேநீரகத்தில் உட்கார்ந்து பொழுதைப் போக்கினோம்.

வியாழன், யார்க்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து இரண்டு மணி நேர ரயில். யார்க்ஷயர் அருங்காட்சியகத்துக்கு வந்தது ஜெட் பார்க்க. ஜெட் என்பது பார்க்கக் கருங்கல், உண்மையில் மரம். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் சேற்றில் புதைந்து, அழுத்தத்தில் இறுகிப்போன அரோகேரியா இனத்து மரம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் குரங்கு ஏற முடியாத மரம் என்று காட்டுவார்களே, அதன் தூரத்துச் சொந்தம். எடை இல்லவே இல்லை. கையில் பிடித்தால் குளிராது.

ரோமானியர்களுக்கு இதன் மேல் ஆசை அதிகம். யார்க் அவர்களுக்கு எபோராக்கம். 1870களில் ரயில் நிலையம் கட்டத் தோண்டியபோது ரோமானியக் கல்லறைகள் நிறைய வந்தன, அவற்றில் ஜெட் கொண்டை ஊசி, மணி, பாம்புத்தலை மெடூசா பதக்கம். ஜெட்டை எரித்தால் பாம்பு ஓடும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். பாம்புக்காரி உருவத்தையே அதில் செதுக்கியது தற்செயலாகத் தோன்றவில்லை.

நான் அதிக நேரம் நின்றது ஒரே ஒரு கல்லறைக்கு முன்னால். 1901இல் கண்டெடுத்த 4ஆம் நூற்றாண்டுப் பெண். தந்தவளைப் பெண் என்று அழைக்கிறார்கள். அவளோடு ஜெட் வளையல்களும் ஆப்பிரிக்க யானைத் தந்த வளையல்களும், நீலக் கண்ணாடிக் குடுவையும் வைத்துப் புதைத்திருந்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு, அவள் வட ஆப்பிரிக்க மரபுக் கலப்பு உள்ளவளாக இருக்கலாம் என்றது. வசதியான வீட்டுப் பெண். "சகோதரியே, வாழ்க, இறைவனில் வாழ்வாயாக" என்று லத்தீனில் செதுக்கிய எலும்புத் தகடும் கூடவே கிடைத்திருக்கிறது.

கறுப்பும் வெள்ளையுமாக வளையல்கள். ஜெட் இங்கே இறந்தவளுக்கான நகை. உயிரோடு மிஞ்சியவர்கள் துக்கத்துக்காகப் போட்டுக்கொள்ள ஆரம்பிக்க இன்னும் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன.

வெள்ளி, விட்பி

யார்க்கிலிருந்து 840ஆம் எண் கோஸ்ட்லைனர் பேருந்தில் மாடி முன் இருக்கை கிடைத்தது. மால்டன், பிக்கரிங் தாண்டியதும் மரங்கள் நின்றுபோய், கண்ணெட்டும் தூரம் புதர்க்காடு. சரிவில் இறங்கும்போது திடீரென்று கடல், மலை மேல் கூரையில்லாத மடம்.

ஊர் எஸ்க் ஆற்றின் இரு கரையிலும். 657இல் ஓஸ்வியூ மன்னர் நிறுவ, ஹில்டா அம்மையார் தலைமையேற்ற மடம் அது, இப்போது நிற்பது பிற்காலத்துக் கட்டடம். 199 படி ஏற வேண்டும். ஹில்டா இந்தப் பகுதிப் பாம்புகளைக் கல்லாக்கிவிட்டார் என்று கதை, சுருண்ட அம்மோனைட் (பழங்காலக் கடலுயிர்) புதைபடிவங்கள்தான் அந்தப் பாம்புகள். தலை இல்லையே என்று யாராவது கேட்டால்? விற்கிறவர்கள் தலையைச் செதுக்கி வைத்துவிட்டார்கள். ஊர்ச் சின்னத்திலும் மூன்று பாம்புக்கற்கள். ஹில்டோசெரஸ் என்று ஒரு அம்மோனைட் இனத்துக்கு அவர் பெயரையே வைத்தாயிற்று.

கீழே சர்ச் தெருவில் மீனும் சிப்ஸும். கடற்பறவை ஒன்று அக்காவின் கையிலிருந்ததைப் பறித்துப் போனது. அதற்குமேல் இன்று ஒன்றும் இல்லை.

சனி, விட்பி

காலையில் கடற்கரை. குளிர்காலப் புயலுக்குப் பிறகு பாறையிலிருந்து உதிர்ந்த ஜெட் கரை ஒதுங்கும். கடல் நிலக்கரியும் அதே நிறம். கையில் சொரசொரத் தாள் வைத்திருப்பவர்கள் தேய்த்துப் பார்க்கிறார்கள்: பழுப்புக் கோடு விழுந்தால் ஜெட், கறுப்பு விழுந்தால் கரி. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கரி.

பிறகு பேனட் பூங்காவில் விட்பி அருங்காட்சியகம். 1823இல் தொடங்கிய சங்கம் ஒன்று நடத்துவது. அட்டைப்பூச்சிகளைப் பாட்டிலில் அடைத்துப் புயலை முன்கூட்டிச் சொல்லும் கருவி, தூக்கிலிடப்பட்டவனின் உலர்ந்த கை என்று எதையும் தள்ளாமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஜெட் சேகரிப்புதான் உயிர். சங்கிலி என்றால் விரல் தடிமனில் சங்கிலி. மலர்வளையம் பிடித்த கை, ஐவிக் கொடி (பற்றினால் விடாதது, அதனால் விசுவாசம்), நங்கூரம் (நம்பிக்கை), சிலுவை. இத்தனை பெரிய நகையைக் கல்லில் செய்தால் கழுத்து தாங்காது. ஜெட்டின் எடையின்மைதான் இந்த அளவைச் சாத்தியமாக்கியது.

விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் 1861 டிசம்பர் 14ஆம் தேதி இறந்தார். விக்டோரியா கறுப்பு உடுத்தினார், விட்பிக்கு வாழ்வு வந்தது. வழிகாட்டிகள் சொல்லும் கதை இவ்வளவுதான். முழுக்கச் சரியில்லை. 1800களின் தொடக்கத்திலேயே கடைசல் இயந்திரத்தில் ஜெட்டைக் கடையப் பழகிவிட்டார்கள். 1836இல் பிக்கரிங் வரை குதிரை இழுக்கும் ரயில் வந்து, சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் விட்பி ஜெட் இடம்பெற்றது. தொழில் தயாராக இருந்தது, துக்கம் வந்து அதைத் தூக்கிவிட்டது. 1832இல் 2 கடைகளும் 25 ஆட்களும், 1872இல் 200 கடைகளும் 1,500 ஆட்களும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பட்டறை என்றால் காலால் மிதித்துச் சுற்றும் சக்கரங்கள் நிறைந்த அறை. மெருகேற்ற ரூஜ் என்கிற சிவப்பு இரும்புத் தூள். கறுப்பு நகை செய்தவர்கள் மாலையில் முகம் கையெல்லாம் செக்கச் செவேலென்று வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு தேவை? துக்கத்துக்கு அட்டவணை இருந்ததால். கணவனை இழந்தவளுக்கு முதல் ஓராண்டும் ஒரு நாளும் முழுத் துக்கம்: பளபளப்பில்லாத கிரேப் துணி, நகை போட்டால் மங்கலான ஜெட் மட்டும். பிறகு படிப்படியாகத் தளர்வு. கடைசி ஆறு மாதம் அரைத் துக்கம், சாம்பல் நிறமும் இளம் ஊதாவும், முத்தும் செவ்வந்திக் கல்லும் போடலாம். மொத்தம் இரண்டரை ஆண்டு. மனைவியை இழந்தவனுக்கு மூன்று மாதம், அதுவும் தொப்பியிலோ கையிலோ ஒரு கறுப்புப் பட்டை. லண்டன் ரீஜென்ட் தெருவில் 1841இல் திறந்த ஜே கடை இதற்கென்றே ஒரு பேரங்காடி. துக்கம் முடிந்த பிறகு கிரேப் துணியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை வேறு. அடுத்த சாவுக்குப் புதிதாக வாங்க வேண்டும். கடைக்காரர்களுக்கு இதைவிட வசதியான நம்பிக்கை கிடைக்குமா?

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அக்கா ஆச்சியைப் பற்றிப் பேசினாள். தாத்தா போனபின் ஆச்சியின் காது மூளியாகத்தான் இருந்தது. "நம்ம ஊர்ல எல்லாத்தையும் உருவுனாங்க, இவங்க எடுத்து மாட்டி விட்டாங்க. ரெண்டுலயும் பொம்பளதான் பாத்துக்கோ."

புறநானூற்றில் கரிகாலன் இறந்ததைப் பாடும் கருங்குழல் ஆதனார், கோவலர் பூவோடு கிளைகளைக் கொய்துவிட்ட வேங்கை மரத்தைப் போல அவன் மகளிர் அணிகளைக் கழற்றினார்கள் என்கிறார். அக்காவுக்கு அதைச் சொன்னேன். மரத்துக்கு அடுத்த மழைக்குத் துளிர்க்கும், ஆச்சிக்கு எங்கே என்றாள்.

எனக்கு இங்கே ஒரு சின்ன மாற்றுக் கருத்து. விட்பிக் கறுப்புக்குக் குறைந்தபட்சம் ஒரு முடிவுத் தேதி இருந்தது. இன்ன மாதம் முத்து போடலாம், இன்ன மாதம் ஊதா உடுத்தலாம் என்று நகையைப் பார்த்தே எதிரில் வருகிறவர்கள் தெரிந்துகொண்டார்கள். ஆச்சியின் மூளிக் காதுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அதே சமயம், அட்டவணையை உருவாக்கிய காலத்தின் ராணியே அதை முடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1901 ஜனவரி 22ஆம் தேதி இறக்கும்வரை கறுப்புதான்.

ஞாயிறு, விட்பி

சர்ச் தெரு முழுக்க ஜெட் கடைகள். 1880களில் இந்தத் தொழில் சரிந்தது. ஸ்பெயினிலிருந்து மலிவான மென் ஜெட் இறங்கியது, அது உடைந்து விட்பியின் பெயரையும் கெடுத்தது. பிரெஞ்சு ஜெட் என்ற பெயரில் கறுப்புக் கண்ணாடி, வல்கனைட் என்ற கெட்டி ரப்பர், அயர்லாந்துச் சதுப்பில் புதைந்த ஓக் மரம் எல்லாம் போட்டிக்கு வந்தன. மக்களுக்கும் கறுப்பு சலித்துவிட்டது. 1914-18 போரில் வீட்டுக்கு வீடு சாவு என்றானபோது, முழுத் துக்கம் காக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: தொட்டதும் சில்லென்றிருந்தால் கண்ணாடி. வெயில் பட்ட பக்கம் பழுப்பேறியிருந்தால் வல்கனைட். கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்கருகே கொண்டுபோனால் ஜெட் இழுக்கும், ஆனால் வல்கனைட்டும் இழுக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள். மெருகிடாத பீங்கானில் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

கடையில் நின்றபடியே அக்காவுக்கு விக்டோரியாவின் கடைசி ஏற்பாடுகளைச் சொன்னேன். தன் சவ அடக்கத்தில் கறுப்பு வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். வெள்ளை உடையும் கல்யாண முகத்திரையும் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். ஆல்பர்ட்டின் அங்கியும் அவர் கையின் பிளாஸ்டர் அச்சும் கூடப் போயின. மருத்துவர் ஜேம்ஸ் ரீட் மட்டும் அறிந்த பட்டியல் ஒன்று தனி: பணியாளர் ஜான் பிரவுனின் படமும் ஒரு கற்றை முடியும் இடக்கையில், பிள்ளைகள் கண்ணில் படாதபடி மேலே பூ மூடி. பேரரசே பார்க்க நாற்பது ஆண்டு ஒருவருக்காகக் கறுப்பு போட்டவர், இன்னொருவரின் முடியை ஒருவரும் பார்க்காமல் கொண்டுபோயிருக்கிறார்.

"கெட்டிக்காரி" என்றாள் அக்கா.

பழைய நகைப் பெட்டி ஒன்றில் முடி வைத்த கறுப்பு எனாமல் புரூச் இருந்தது. பின்னால் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. எனக்கு ஆசை, அக்கா விடவில்லை. "யாரு பெத்த புள்ளையோ. வீட்டுக்குக் கொண்டு வராத." அவள் புதிதாகச் செய்த ஜெட் தோடு எடுத்தாள், வெள்ளிக் கட்டில் சின்ன நீள்வட்டம். இப்போது வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிறந்தநாளுக்கும் காதலிக்கும்தான் வாங்குகிறார்கள் என்றார் கடைக்காரப் பெண். 1994இல் தொடங்கிய காத் (கறுப்பு உடையை விரும்பும் இளைஞர் கலாசாரம்) திருவிழா நாட்களில் உடம்பெல்லாம் கறுப்போடு இளைஞர்கள் வந்து குவிகிறார்களாம், துக்கத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

விடுதிக்குத் திரும்பி, பெரியம்மாவுக்கு வீடியோ அழைப்பில் தோட்டைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இதே மாடல்ல சேப்புக் கல்லு இருக்கான்னு கேட்டியா?"